எண்ணிக்கைக்குச் சேர்த்த துடுப்புக்காரி

அமெரிக்காவின் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு எதற்கு ரோயிங், அதாவது துடுப்புப் படகுப் போட்டி அணி என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஃபுட்பாலுக்காக. கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தலைக்கவசமும் தோள்பட்டையுமாக மோதிக்கொள்ளும் அந்த அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு கல்லூரி அணிக்கு நூறு பேருக்கு மேல் தேவைப்படும், அத்தனை பேரும் ஆண்கள், அதற்கு ஈடாகப் பெண்கள் பக்கம் தலை எண்ணிக்கை காட்ட வேண்டும், அதற்குத் தோதாகக் கிடைத்த விளையாட்டு ரோயிங். கல்லூரிக் காலம் முழுவதும் அப்படி ஒரு அணியில் துடுப்பு வலித்தவள் நான். மத்திய மேற்கில், குளிர்காலத்தில் ஏரி மேல் கார் ஓட்டும் அளவுக்கு உறைந்து போகிற ஓர் ஊர்.

கொஞ்சம் சட்டம் பேசிவிட்டுத் தண்ணீருக்குப் போகலாம். 1972இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தத்தில் ஒன்பதாவது பிரிவு ஒன்று உண்டு, டைட்டில் நைன் என்பார்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான் அதில் இருப்பது. விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. 1979இல் அரசு வெளியிட்ட விளக்கத்தில்தான் கல்லூரி விளையாட்டில் இதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று மூன்று வழிகள் சொன்னார்கள். அதில் எளிதாக நிரூபிக்கக்கூடிய வழி, மாணவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ விளையாட்டு வீரர்களிலும் ஏறத்தாழ அத்தனை பங்கு பெண்கள் இருப்பது. ஃபுட்பாலில் மட்டும் ஒரு பெரிய கல்லூரி நீண்ட காலம் 85 முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்று இருந்தது. அதைச் சமன்செய்ய ஜிம்னாஸ்டிக்ஸும் டென்னிஸும் போதாது. ரோயிங்கிலோ ஒரு படகுக்கே ஒன்பது பேர், நாலைந்து படகு இறக்கினால் ஒரு சின்ன கிராமம். அதற்கு 20 உதவித்தொகை, அதையும் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று இருந்தது. 1997இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு பெண்கள் ரோயிங்குக்கென்று தேசியப் போட்டியே தொடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டியே ரோயிங்தான். 1852இல் ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் ஏரியில் மோதின. ஆண்கள். ஆனால் ஆண்கள் ரோயிங் இன்றைக்கும் என்சிஏஏ விளையாட்டு கிடையாது, 1895இலிருந்து தனியாக ஒரு அமைப்பின் கீழ்தான் தேசியப் போட்டி நடக்கிறது. அதனால் பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு உதவித்தொகை, பிசியோ, புதுப் படகு, விமான டிக்கெட் எல்லாம் இருக்கும், ஆண்களோ கிளப்பாக இருந்து கையிலிருந்து காசு போட்டு ஓட்டுவார்கள். எங்கள் படகுத்துறையிலும் அப்படித்தான். அந்தப் பையன்கள் எங்களைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் புகைச்சல் இருக்கும். ஆமாம் இருக்கட்டும், நூறு வருஷம் நாங்கள் கரையில்தானே நின்றோம்.

சரி, நான் எப்படி உள்ளே போனேன்? உயரம். ஐந்தடி ஒன்பது அங்குலம். எங்கள் வீட்டில் இது ஒரு நோய் மாதிரி பேசப்பட்ட விஷயம். திருச்சியிலிருந்து அத்தை கூப்பிட்டால் முதல் கேள்வி "இன்னும் வளர்றாளா?" என்பதுதான், அடுத்தது இவளுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்ற கவலை, அப்போது எனக்குப் பதினைந்து வயது. பள்ளியில் பாட்டு, பரதம், கணக்கு ஒலிம்பியாட் என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் வழக்கமான பாதைதான், வேர்த்து விளையாடிய விளையாட்டு எதுவும் கிடையாது. கல்லூரி திறந்த முதல் வாரத்தில் மாணவர் சங்கங்கள் மேசை போட்டு ஆள் பிடிக்கும் சந்தையில், ரோயிங் அணிக்காரி ஒருத்தி கூட்டத்துக்கு மேலே தெரிந்த என் தலையைப் பார்த்து நேராக வந்தாள். முன்பு விளையாடியிருக்கிறாயா என்றுகூட கேட்கவில்லை. எவ்வளவு உயரம், நீச்சல் தெரியுமா, காலையில் எழுவாயா, இந்த மூன்றுதான். என் உயரத்தைக் கேட்டு ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை.

இப்படிச் சேர்பவர்களை வாக்-ஆன் என்பார்கள். வேறெந்தப் பெரிய விளையாட்டிலும் இது நடக்காது, பதினெட்டு வயதில் பந்தைத் தொடாதவளைக் கூடைப்பந்து அணியில் விடுவார்களா? ரோயிங்கில் விடுவார்கள், ஏனென்றால் அமெரிக்கப் பள்ளிகளில் படகு வலித்தவர்களே குறைவு, இருப்பவர்களும் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், இடமோ நிறைய. அனிதா டிஃப்ரான்ட்ஸ் என்பவரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். கனெக்டிகட் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைப் பார்த்தார். 1976 மாண்ட்ரியாலில், பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ரோயிங் வந்த முதல் ஆண்டிலேயே, அமெரிக்காவின் எட்டுபேர் படகில் வெண்கலம் வாங்கினார், பிறகு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினரானார். எங்கள் கோச் புதுப் பெண்களுக்குச் சொல்லும் முதல் கதை இது. நாங்கள் யாரும் மாண்ட்ரியால் போகவில்லை, அது வேறு.

முதலில் நீச்சல் தேர்வு. அப்புறம் படகைத் தூக்கப் பழக்குவார்கள், ஆமாம், ஓட்டுவதற்கு முன்னால் தூக்குவது. எட்டுபேர் படகு ஏறக்குறைய 18 மீட்டர் நீளம், நூறு கிலோவுக்குப் பக்கத்தில் எடை, அட்டை மாதிரி மெல்லிய கார்பன் உடம்பு, ஓர் இடி இடித்தால் ஆயிரக்கணக்கான டாலர். படகை வழிநடத்தும் ஒன்பதாவது ஆளான காக்ஸ் குரல் கொடுக்க எட்டுப் பேரும் ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கி, தோளில் இறக்கி, சப்பரம் தூக்குகிறவர்கள் மாதிரி ஒரே நடையில் கரைக்குப் போக வேண்டும். உயரமானவளுக்கு இங்கேதான் சிக்கல். பக்கத்தில் குள்ளமானவள் நின்றால் மொத்தப் பாரமும் உங்கள் தோளில்தான்.

காக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படகில் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான், மற்ற எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்போம். சுக்கானும் அவள் கையில், மைக்கும் அவள் வாயில். எங்கள் காக்ஸ் உருவத்தில் என் தோளுக்கும் வரமாட்டாள், வகுப்பில் வாயே திறக்காத வேதியியல் மாணவி, படகில் ஏறினால் மட்டும் ஓர் ஊரையே அடக்கும் குரல். எதிரிப் படகின் எத்தனையாவது இருக்கைக்கு நேரே நாம் இருக்கிறோம் என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள், திரும்பிப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை, திரும்பினால் படகு சாயும். அவள் சொல்வதை நம்பி வலிக்க வேண்டும். சில சமயம் அவள் பொய் சொல்கிறாளோ என்று தோன்றும். சொல்லியிருக்கிறாள் என்று பின்னால் ஒப்புக்கொண்டாள், "இன்னும் பத்து இழுப்புதான்" என்பது எப்போதும் பத்தாக இருந்ததில்லை.

படகு வலிப்பது கை வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கால் வேலை. இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும், காலணி படகோடு பிணைத்திருக்கும், முழங்காலை மடக்கி முன்னால் வந்து துடுப்பைத் தண்ணீரில் போட்டு, காலால் உதைத்துப் பின்னால் போவோம், கை கடைசியில்தான் வரும். எட்டுத் துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீரில் விழ வேண்டும். ஒருத்தி ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்தால்கூட படகின் அடிவயிற்றில் ஓர் உதறல் தெரியும், அது யாரால் என்பதும் எல்லோருக்கும் தெரியும். துடுப்பின் அலகு தண்ணீரில் தப்பான கோணத்தில் சிக்கிக்கொண்டால் பிடி திரும்பி வந்து வயிற்றில் அடிக்கும், வேகமாகப் போகும்போது ஆளையே படகிலிருந்து தூக்கி எறிந்துவிடும், அதை நண்டு பிடிப்பது என்பார்கள். எங்கள் கல்லூரியில் நண்டு பிடிக்காத ஒரு பெண்ணும் இல்லை.

இதெல்லாம் இலையுதிர் காலத்தோடு சரி. நவம்பர் கடைசியில் ஏரி உறைய ஆரம்பித்தால் மார்ச் வரை உள்ளேதான், எர்க் என்கிற இயந்திரத்தில். ஜிம்மில் மூலையில் யாரும் தொடாமல் கிடக்குமே, சங்கிலி இழுத்தால் விசிறி சுற்றும், அதேதான். நாற்பது ஐம்பது எர்க்குகள் வரிசையாக ஓடும் அறையில் இருந்தால் விமான நிலையத்துக்குள் இருப்பது போல் இரைச்சல், ஜன்னலெல்லாம் எங்கள் வேர்வையால் பனி படிந்திருக்கும், வெளியே இருபது டிகிரி மைனஸ். இயந்திரத்தின் திரையில் ஒரே ஓர் எண்ணைத்தான் நாங்கள் பார்ப்போம்: 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும் ஸ்ப்ளிட். 2000 மீட்டர் சோதனை என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். புதிதாக வந்தவர்களுக்கு 8 நிமிடத்துக்குள் முடிப்பது முதல் இலக்கு, 7 நிமிடத்துக்குள் வந்தால் முதல் படகைப் பற்றிக் கனவு காணலாம். முதல் 500 மீட்டரில் நீங்கள் ராணி, உற்சாகத்தில் உடம்பு பொய் சொல்லும். இரண்டாவதில் மூச்சு பேச ஆரம்பிக்கும். மூன்றாவது 500 இருக்கிறதே, அங்கே யாரும் கை தட்டமாட்டார்கள், முடிவும் கண்ணில் தெரியாது, தொடை எரியும், வாயில் இரும்புச் சுவை வரும், எழுந்து போய்விட்டால் என்ன என்று மூளை தெளிவாக, நியாயமாக வாதாடும். நாலாவதில் பயம்தான் ஓட்டும். முடித்தபின் பக்கத்தில் வாளி இருக்கும். முடிவுகளைப் பெயரோடு சுவரில் ஒட்டுவார்கள், மெதுவானவர் கடைசியில். கணக்கில் கடைசியாக வந்ததே இல்லாத எனக்கு முதல் குளிர்காலம் முழுக்க அந்தச் சுவர்தான் பாடம் நடத்தியது.

இதைவிடக் கொடுமை சீட் ரேசிங். இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள். பிறகு ஒரே ஓர் ஆளை மட்டும் மாற்றி உட்காரவைத்து மறுபடி ஓட்டம். எந்தப் படகு வேகமெடுத்ததோ அதில் ஏறியவள் ஜெயித்தாள். நீங்கள் மோதுவது யாரோடு? அறைத்தோழியோடு. காலையில் உங்களுக்காக வாழைப்பழம் எடுத்து வைத்தவளோடு. இடம் போனவள் அன்று மாலை அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நானும் அவள் தட்டைப் பார்க்காமல் சாப்பிட வேண்டும். சகோதரித்துவம், குடும்பம் என்று அணியின் டி-ஷர்ட்டில் அச்சடிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குடும்பத்தில் நேரம் எடுத்து ஆளை மாற்றமாட்டார்கள். எங்களுக்குள் இருந்தது வேறு: ஒருத்தி எவ்வளவு தாங்குவாள், எங்கே உடைவாள் என்று மற்ற எட்டுப் பேருக்கும் அச்சுப் பிசகாமல் தெரியும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவளைக் கேலி செய்யாமல் இருப்போம். அந்த அளவுக்கு என்னைத் தெரிந்தவர்கள் என் வீட்டிலும் இல்லை.

வீடு என்றதும் அம்மா. "காலங்காத்தால அஞ்சு மணிக்கு ஏரியில படகு ஓட்டவாடி அவ்ளோ ஃபீஸ் கட்டறோம்?" என்பதில் ஆரம்பித்தது. உள்ளங்கை காய்ப்புகளைப் பார்த்து அழுதாள், சமையலறையில் நாற்பது வருஷம் வேலை செய்த பாட்டி கையே இப்படி இல்லை என்றாள். கறுத்துப்போனதற்கு ஒரு புலம்பல், தோள் அகன்றதால் ரவிக்கை எல்லாம் பத்தாமல் போனதற்கு ஒரு புலம்பல். உடம்போடு ஒட்டிய அந்த யூனிசூட்டில் நான் நிற்கும் படத்தைக் கல்லூரி இணையத்தில் போட, அது திருச்சி அத்தை வரை போய்ச் சேர்ந்து, இரண்டு வாரம் தொலைபேசியில் மௌனம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஸ்ப்ளிட் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எக்செல் ஷீட் போட்டார்.

அப்புறம் ஒரு வசந்தப் போட்டிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்து அவர்கள் பார்த்தது கடைசி முப்பது வினாடி, ஏனென்றால் 2000 மீட்டர் பாதையில் கரையில் நிற்பவருக்குத் தெரிவது அவ்வளவுதான். பெற்றோர் சேர்ந்து கூடாரம் போட்டு அணிக்குச் சாப்பாடு வைப்பது அங்கே வழக்கம். பேகல், பாஸ்தா, முட்டை என்று வரிசையாக இருந்த மேசையில் அம்மா பொடி தடவிய மினி இட்லியை ஒரு பெரிய அலுமினியத் தட்டில் வைத்தாள். ஓட்டம் முடித்து வந்த எட்டுப் பெண்கள் கையால் அள்ளித் தின்றதைப் பார்த்தபிறகு அம்மாவுக்கு ரோயிங் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. அடுத்த முறை யாரும் கேட்காமலே புளியோதரையும் வந்தது, எங்கள் காக்ஸுக்கு மட்டும் தனி டப்பா, பாவம் இத்தினூண்டு இருக்கிறாள் என்று.

எங்களுக்குச் சுடுதண்ணீர் ஷவர் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1976இல் யேல் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு அது இல்லை. படகுத்துறை ஊரிலிருந்து தள்ளி, பயிற்சி முடிந்ததும் ஆண்கள் குளித்து உடை மாற்றி வரும்வரை பெண்கள் ஈர உடையோடு பேருந்தில் காத்திருப்பார்கள், குளிர்காலத்தில், வேர்வையும் ஆற்றுத் தண்ணீரும் உடம்பில் உறைய. கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அந்த மார்ச் 3ஆம் தேதி கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பேர் பெண்கள் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரியின் அறைக்குள் போய் மேல்சட்டையைக் கழற்றினார்கள். முதுகிலும் மார்பிலும் மையில் டைட்டில் நைன் என்று எழுதியிருந்தது. எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை வாசித்தார், அதைக் குறித்துக்கொள்ள நியூயார்க் டைம்ஸுக்கு எழுதும் மாணவரும் கூடவே வந்திருந்தார். அடுத்த நாள் செய்தி நாடு முழுக்கப் போனது. அடுத்த ஆண்டு பெண்களுக்கு அறை வந்தது. அன்று அங்கே நின்ற எர்ன்ஸ்டும் ஆன் வார்னரும் அதே கோடையில் மாண்ட்ரியால் ஒலிம்பிக்குக்குப் போனார்கள், வார்னர் டிஃப்ரான்ட்ஸ் இருந்த அதே படகில் வெண்கலம் வாங்கினார். இந்தக் கதையை எனக்கு யாரும் வரவேற்புக் கூட்டத்தில் சொல்லவில்லை, மூன்றாம் ஆண்டில் நானாகத் தேடிப் படித்தேன். படித்த நாளில் ஷவரில் கூடுதலாகப் பத்து நிமிடம் நின்றேன், வேண்டுமென்றே.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். என்சிஏஏ தேசியப் போட்டியில் ஒரு கல்லூரி இறக்குவது இரண்டு எட்டுபேர் படகும் ஒரு நாலுபேர் படகும். காக்ஸையும் சேர்த்து 23 பேர். அணிப் பட்டியலிலோ அதைப்போல மூன்று மடங்கு, நாலு மடங்கு பெயர்கள் இருக்கும். மிச்சப் பேர் யார்? மூன்றாவது படகு, புதியவர்கள் படகு, அதற்கும் கீழே ஒரு போட்டியிலும் இறங்காமல் எர்க்கில் மட்டும் ஓட்டிவிட்டுப் போனவர்கள். பெண்கள் எண்ணிக்கையை உப்பவைக்கச் சில கல்லூரிகள் ரோயிங் பட்டியலை இப்படி நிரப்புகின்றன என்று பத்திரிகைகளே எழுதின, அந்தக் குற்றச்சாட்டு சரிதான். அந்தக் காசில் பெண்களுக்கு இன்னும் இரண்டு அணி தொடங்கியிருக்கலாம். நான் பெரும்பாலும் மூன்றாவது படகில் இருந்தவள். என்னைக் கூட்டத்தில் பார்த்து ஓடிவந்து சேர்த்ததற்கு என் உயரம் பாதிக் காரணம் என்றால், ஏதோ ஓர் அலுவலகத்தில் ஃபுட்பாலுக்கு எதிர்ப்பக்கம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் மீதிக் காரணம். இது தெரிந்தபோது கொஞ்சம் வலித்தது. ஆனால் ஏரியில் இறங்கிய பிறகு அந்தக் கட்டம் எங்கேயும் கண்ணில் படவில்லை. பிராந்தியப் போட்டியில் மூன்றாவது படகுக்கும் ஓர் ஓட்டம் உண்டு, பக்கத்துப் பாதையில் ஓடும் மூன்றாவது படகும் என்னை மாதிரி கட்டம் நிரப்ப வந்தவர்கள்தான், அவர்களை அரைப் படகு நீளத்தில் தாண்டினால் அந்தச் சந்தோஷத்துக்கு மூன்றாம் தரம் என்று ஒன்று கிடையாது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றி என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஒவ்வொரு அணிக்கும் ஆள் வரம்பு: ஃபுட்பாலுக்கு 105, பெண்கள் ரோயிங்குக்கு 68. உதவித்தொகைக்கு இருந்த உச்ச வரம்பை எடுத்துவிட்டார்கள். பட்டியலை உப்பவைக்கும் வேலை இனி அங்கே செல்லாது, நல்லதுதான். ஆனால் 68 இடம்தான் என்றால் கோச் என்ன செய்வார்? ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று ஏற்கெனவே துடுப்பு பிடித்தவர்களைத் தேடிப் போவார். சந்தையில் தலை தெரிகிற பெண்ணிடம் ஓடிவர நேரம் இருக்காது. என் காலத்து அணித்தோழி ஒருத்தி இப்போது துணைக் கோச், அவளிடம் கேட்டேன். வாக்-ஆன்களை எடுக்கிறோம், முன்பைவிடக் குறைவு, வந்தவுடன் எர்க் எண் பார்க்கிறோம் என்றாள்.

அதனால், இந்த ஆகஸ்டில் மகளை அமெரிக்கக் கல்லூரியில் கொண்டுபோய் விடப்போகிற அம்மா அப்பாக்கள் யாராவது இதைப் படித்தால்: பெண் உயரமாக இருந்தால் கோடையிலேயே ஜிம்மில் அந்த எர்க்கில் உட்காரச் சொல்லுங்கள், நீச்சல் கற்றுக்கொடுங்கள், 2000 மீட்டர் 8 நிமிடத்துக்குள் வந்தால் கோச்சுக்கு அவளையே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். ரவிக்கைகளை மட்டும் கொஞ்சம் தாராளமாக, உள்ளே துணி விட்டுத் தைத்து வாங்குங்கள்.